சமையலறைக் கேள்வி–பதில்: ஹாம் எலும்பும் பட்டாணிப் பருப்பு சூப்பும்

கிறிஸ்துமஸ் விருந்து முடிந்த கையோடு கனடாவிலிருந்து வந்த கடிதங்களில் பல, மீந்துபோன ஹாமைக் (உப்பிட்டுப் புகையூட்டிய பன்றித் தொடை இறைச்சி) கொண்டு பட்டாணிப் பருப்பு சூப் வைப்பதைப் பற்றியவை. அவற்றையும், அதே பொருளைத் தொட்டு வேறு ஊர்களிலிருந்து வந்த சிலவற்றையும் இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: எலும்போடு கூடிய ஹாம் ஒன்று வாங்கியிருந்தோம். எலும்பும் அரைக் கிலோவுக்குக் குறையாத இறைச்சியும் மீந்திருக்கின்றன. அக்கம்பக்கத்தில் எல்லோரும் இதில் பட்டாணி சூப் வைப்பதாகச் சொல்கிறார்கள். பருப்பு வேகவைப்பது நமக்குப் புதிதல்ல. ஆனால் அவர்கள் வைப்பதுபோல் கெட்டியாகவும், ஒரு கிண்ணம் குடித்தாலே வயிறு நிறைவதாகவும் செய்வது எப்படி? கடைசியில் கடுகு, கறிவேப்பிலை தாளிக்கலாமா? — வாசகி, ஸ்கார்பரோ

பதில்: இந்த சூப்பின் சுவை இறைச்சியிலிருந்து வருவதைவிட எலும்பிலிருந்தும், அதை ஒட்டிய தோல், சவ்வு, தசைநார் ஆகியவற்றிலிருந்துமே அதிகம் வருகிறது. அவற்றில் உள்ள கொலாஜன் என்னும் புரதம், ஒரு மணி நேரத்துக்கு மேல் மெதுவான கொதியில் கிடக்கும்போது ஜெலட்டினாகக் கரைந்து, நீருக்கு வழவழப்பான ஒரு கனத்தைக் கொடுக்கும். புகையூட்டிய மணமும் உப்பும் அதோடு சேர்ந்தே இறங்கும். இறைச்சியின் நிலை வேறு. அது ஏற்கெனவே உப்பு நீரில் ஊறி, புகையில் வெந்து, உங்கள் வீட்டு அடுப்பில் மறுபடியும் சூடேறியது. அதை மேலும் ஒன்றரை மணி நேரம் கொதிக்கவிட்டால் சாறு முழுவதையும் நீருக்குக் கொடுத்துவிட்டுச் சக்கையாகிவிடும். ஆகவே எலும்பு முதலில், இறைச்சி கடைசியில் என்ற வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். மற்றவற்றில் உங்கள் கைப்பக்குவத்துக்கு இடமுண்டு.

பட்டாணிப் பருப்பு 450 கிராம், தண்ணீர் 2 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் ஆறு பேருக்குத் தாராளமாகக் காணும். அடி கனமான பாத்திரத்தில் இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெயைச் சூடாக்கி, ஒரு பெரிய வெங்காயம், இரண்டு கேரட், இரண்டு தண்டு செலரி ஆகியவற்றைப் பொடியாக நறுக்கிப் போட்டு, சிறு தீயில் எட்டுப் பத்து நிமிடம் வதக்க வேண்டும். காய்கள் துவண்டு, வெங்காயம் கண்ணாடிபோல் ஆனால் போதும், சிவக்கக் கூடாது. இரண்டு பல் பூண்டைத் தட்டிப் போட்டுவிட்டு, கழுவிய பருப்பு, எலும்பு, தண்ணீர், இரண்டு பே இலை, அரைத் தேக்கரண்டி தைம் என்னும் உலர்ந்த மூலிகை ஆகியவற்றைச் சேருங்கள். நம் கடைகளில் பிரியாணி இலை என்று விற்பது பே இலையன்று, பட்டை மணம் உடைய வேறொரு மரத்தின் இலை. அதைப் போட்டால் சூப் குருமாவின் பக்கம் சாய்ந்துவிடும். உடைத்த பருப்பாதலால் ஊறவைக்க வேண்டியதில்லை. கொதி வந்ததும் மேலே திரளும் நுரையை வழித்து எடுத்துவிட்டு, தீயைக் குறைத்து, மூடியைச் சற்றே ஒருக்களித்து வைத்து, ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் வேகவிடுங்கள்.

பக்குவத்தைக் கடிகாரம் பார்த்துச் சொல்வதைவிடக் கரண்டியில் எடுத்துப் பார்த்துச் சொல்வதே சரி. அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் பருப்பு முழு வட்டமாக அடியில் கிடக்கும், நீர் தனியாக மேலே நிற்கும். ஒரு மணி நேரத்தை நெருங்கும்போது வட்டங்களின் ஓரம் பிசிறு பிசிறாக உதிர்ந்து நீர் கலங்கத் தொடங்கும். அதன் பிறகு கொதி குமிழிகள் பெரிதாகி, மெதுவாக எழும்பி, தொப்பென்று உடையும். கரண்டியால் அடியைக் கீறினால் அந்தத் தடம் ஒரு நொடி நின்று பிறகே மூடும். சூப் அடிபிடிப்பது இந்தக் கட்டத்தில்தான்; ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அடிவரை துழாவிவிட வேண்டும். அடிபிடித்த பட்டாணியின் நெடியை எந்த மசாலாவாலும் மறைக்க முடியாது.

இப்போது எலும்பை வெளியே எடுத்து, கை பொறுக்கும் சூடு வந்ததும் ஒட்டியிருக்கும் இறைச்சியைப் பிய்த்து, தோலையும் குருத்தெலும்பையும் ஒதுக்கிவிடுங்கள். சூப்பை மத்தால் லேசாகக் கடைந்துவிடலாம். மிக்ஸியில் அரைப்பதை நான் விரும்புவதில்லை. பாதி கரைந்தும் பாதி கரையாமலும் இருப்பதில்தான் உண்ட நிறைவு இருக்கிறது. பிய்த்த இறைச்சியோடு, மீந்த ஹாமில் 250 கிராம் அளவுக்குச் சிறு சதுரங்களாக வெட்டிச் சேர்த்துப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, அதன் பிறகே உப்பு பாருங்கள். பெரும்பாலும் உப்பே தேவைப்படாது. கரகரப்பாகப் பொடித்த மிளகும், இறக்கிய பின் ஒரு தேக்கரண்டி வினிகரோ எலுமிச்சைச் சாறோ போதும். மிச்ச இறைச்சியை உறைநிலைப் பெட்டியில் வைத்து இன்னொரு நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

தாளிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாளிக்கக் கூடாது என்று சட்டம் ஏதுமில்லை. ஆனால் கறிவேப்பிலையும் பெருங்காயமும் ஹாமின் புகை மணத்தை அமுக்கிவிடும். அந்த மணத்துக்காகத்தானே எலும்பை ஒன்றரை மணி நேரம் கொதிக்கவைத்தோம்? தாளித்த பருப்பு வேண்டுமென்றால் ஹாம் இல்லாமலே அருமையாகச் செய்யலாம்.

கேள்வி: இரண்டரை மணி நேரம் கொதித்தும் என் பருப்பு கரையவில்லை, மணலைப்போல் நறநறவென்றே இருந்தது. புளிப்புக்காக இரண்டு தக்காளியைத் தொடக்கத்திலேயே போட்டிருந்தேன். பருப்பு வாங்கி வெகு நாளாகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். — வாசகர், கால்கரி

பதில்: பருப்பு வேகாமல் போவதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று, உங்களுக்கு மூன்றும் ஒருசேர வாய்த்திருக்கின்றன. பருப்பின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்துவது பெக்டின் என்னும் பொருள். அது சூட்டில் கரைந்தால்தான் பருப்பு குழையும். புளிப்பு அதைக் கரையவிடாது. ஆகவே தக்காளி, வினிகர், எலுமிச்சை எதுவானாலும் பருப்பு வெந்த பிறகே சேர வேண்டும். சாம்பாரில் பருப்பைத் தனியாக வேகவைத்துவிட்டுப் பிறகு புளிக்கரைசலில் சேர்ப்பதற்கும் இதே நியாயம்தான். இரண்டாவது தண்ணீர். ராக்கி மலைகளிலிருந்து இறங்கும் ஆற்று நீரைக் குடிக்கும் உங்கள் ஊரில் குழாய் நீர் கடின நீர். அதில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் பெக்டினை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மூன்றாவது பருப்பின் வயது. வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் நெடுநாள் கிடந்த பருப்பு எவ்வளவு கொதித்தாலும் முழுமையாகக் குழைவதில்லை.

அடுத்த முறை புதிய பருப்பு வாங்குங்கள். 450 கிராம் பருப்புக்குக் கால் தேக்கரண்டி சமையல் சோடா சேர்த்தால் கடின நீரின் குறை பெரும்பாலும் தீரும். அதற்கு மேல் போட்டால் சோப்பு வாடை தட்டும். உப்புப் போட்டால் பருப்பு வேகாது என்ற நம்பிக்கை பரவலாக இருந்தாலும், இங்கே உப்பைக் கடைசிக்கு ஒத்திப்போடுவதற்குக் காரணம் அதுவன்று. எலும்பு எவ்வளவு உப்பை இறக்கும் என்பது முன்கூட்டித் தெரியாது, அவ்வளவுதான்.

கேள்வி: சூப் வாயில் வைக்க முடியாத அளவுக்கு உப்பாகிவிட்டது. உருளைக்கிழங்கைப் போட்டால் உப்பை இழுத்துக்கொள்ளும் என்கிறார்களே? — வாசகி, நியூ ஜெர்சி

பதில்: உருளைக்கிழங்கு உப்பை மட்டும் தேடிப்பிடித்து இழுப்பதில்லை. உப்புள்ள நீரைத்தான் உறிஞ்சுகிறது. எஞ்சிய நீரின் உப்பு அப்படியேதான் இருக்கும். இன்னொரு பாத்திரத்தில் உப்பில்லாமல் ஒரு கிண்ணம் பருப்பை வேகவைத்துக் கலப்பதே நேரான வழி. சூப் இரட்டிப்பானால் பாதியை உறையவைத்துவிடலாம். நீங்கள் வாங்கியது கன்ட்ரி ஹாம் எனப்படும் வகையாக இருக்கக்கூடும் என்று எண்ணுகிறேன். வர்ஜீனியா, கென்டக்கி, வட கரோலினா பகுதிகளில், உப்பை நேரடியாகத் தேய்த்து, மாதக்கணக்கில் உலரவைத்து அதைத் தயாரிக்கிறார்கள். சாதாரண ஹாமைக் காட்டிலும் அதில் உப்பு மிக அதிகம். அதன் எலும்பை இரவு முழுவதும் குளிர்பெட்டியில் தண்ணீரில் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுத்தான் சூப்பில் போட வேண்டும். தேன் அல்லது சர்க்கரைப் பாகு பூசிய ஹாமாக இருந்தால், பூச்சையும் அதில் குத்தியிருக்கும் கிராம்புகளையும் முதலில் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

கேள்வி: பிரஷர் குக்கரில் வைக்கலாமா? எத்தனை விசில்? — வாசகி, சிங்கப்பூர்

பதில்: வைக்கலாம், ஆனால் குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். உடைத்த பட்டாணி வேகும்போது நிறைய நுரைக்கும். அந்த நுரை ஆவி வெளியேறும் துளையை அடைத்துவிட்டால் ஆபத்து. ஒரு தேக்கரண்டி எண்ணெய் சேர்த்தால் நுரை அடங்கும். விசிலை எண்ணுவதைவிட, ஆவி கட்டிய பின் சிறு தீயில் பதினைந்து நிமிடம் வைத்து அணைத்து, ஆவி தானாக அடங்கும்வரை திறக்காமல் விடுவது நல்லது. வெயிட்டைத் தூக்கி ஆவியை அவசரமாக வெளியேற்றினால் பச்சைக் குழம்பு கூரைவரை பீறிடும். நேரம் மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் குறுகிய நேரத்தில் தசைநார் முழுவதும் கரையாது. ஆகையால் குக்கரைத் திறந்த பிறகு எலும்போடு இன்னும் இருபது நிமிடம் திறந்த பாத்திரத்தில் கொதிக்கவிடச் சொல்வேன்.

கேள்வி: பச்சைப் பட்டாணிப் பருப்பா, மஞ்சளா, எது முறையானது? சென்னையில் மஞ்சள்தான் எளிதாகக் கிடைக்கிறது. அதுவும் இல்லையென்றால் கடலைப் பருப்பு போடலாமா? — வாசகர், சென்னை

பதில்: இரண்டும் ஒரே செடியினத்தின் இரு வகைகள், இரண்டும் முறையானவையே. எது என்பது ஊரைப் பொறுத்தது. நெதர்லாந்தில் பச்சை. அங்கே இதை ஸ்னெர்ட் என்று செல்லமாக அழைப்பார்கள். செலரிக் கிழங்கு, வெங்காய இனத்தைச் சேர்ந்த லீக், பன்றிக்கால் எல்லாம் சேர்த்து, நட்டுவைத்த கரண்டி சாயாமல் நிற்கும் அளவுக்குக் கெட்டியாக வைத்து, மறுநாள் சூடாக்கி, புகையூட்டிய சாசேஜ் துண்டுகளோடும் ரை என்னும் தானியத்தில் செய்த கருத்த ரொட்டியோடும் உண்பார்கள். கியூபெக்கில் மஞ்சள், அதையும் உடைக்காமல் முழுப் பட்டாணியாகவே, உப்பிட்ட பன்றி இறைச்சியோடு வேகவைப்பது அவர்கள் வழக்கம். சுவீடனிலும் மஞ்சள்தான். அங்கே வியாழக்கிழமை என்றால் பட்டாணி சூப்பும், ஓரத்தில் கடுகு விழுதும், பின்னால் மெல்லிய பான்கேக்கும் என்ற பழக்கம் பள்ளிக்கூட உணவிலும் படைமுகாமிலும் இன்றும் தொடர்கிறது. அந்நாட்டு மன்னர் பதினான்காம் எரிக் 1577 இல் சிறையில் இறந்தது நஞ்சு கலந்த பட்டாணி சூப்பால் என்பது நெடுநாளையக் கதை. 1958 இல் கல்லறையைத் திறந்து ஆராய்ந்தபோது உடலில் ஆர்சனிக் என்னும் நஞ்சு இருந்தது தெரியவந்தது. குற்றம் சூப்பினுடையதன்று என்பதால் அஞ்ச வேண்டாம்.

சுவையில் பச்சைக்குச் சற்றே இனிப்பு கூடுதல். மஞ்சள் அடக்கமானது, ஹாமின் மணத்தை முன்னால் வரவிடுவது. ஆகவே உங்களுக்குக் கிடைக்கும் மஞ்சளே நல்லது. அதில் கனடாவில் விளைந்து கப்பலேறி வந்ததும் நிறைய உண்டு. கடலைப் பருப்பு வேண்டாம். அது கொண்டைக்கடலை இனத்தைச் சேர்ந்தது. வெந்தாலும் உருக்குலையாமல் முழுதாக நிற்பது அதன் இயல்பு, இந்த சூப்புக்கு வேண்டியதோ குழைவு. துவரம் பருப்பு குழையும். ஆனால் ரசத்தின் நினைவு வந்துவிடும்.

கேள்வி: மிச்சத்தைக் குளிர்பெட்டியில் வைத்தேன், மறுநாள் வெட்டி எடுக்கும் அளவுக்கு இறுகிவிட்டது. கெட்டுவிட்டதா? எத்தனை நாள் வைத்திருக்கலாம்? — வாசகி, மிசிசாகா

பதில்: கெடவில்லை. பட்டாணியின் மாவுச்சத்தும் எலும்பின் ஜெலட்டினும் குளிரில் இறுகுவது இயல்பு. அப்படி இறுகியிருந்தால் சூப்பைச் சரியாக வைத்திருக்கிறீர்கள் என்றே பொருள். கிண்ணத்துக்குக் கால் கிண்ணம் வெந்நீர் விட்டுச் சிறு தீயில் கிளறினால் பழைய நிலைக்கு வரும். சமைத்த பாத்திரத்தோடு அப்படியே குளிர்பெட்டியில் ஏற்றுவதுதான் தவறு. கெட்டியான சூப் நடுவில் வெகுநேரம் சூடாகவே இருக்கும். கிருமிகள் பெருகுவதற்கு அந்த இளஞ்சூடு மிகவும் ஏற்றது. தட்டையான சிறு பாத்திரங்களில் பிரித்து, சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிட வேண்டும். குளிர்பெட்டியில் மூன்று, நான்கு நாட்கள் இருக்கும். உறையவைத்தால் இரண்டு மூன்று மாதம் சுவை குன்றாது. திரும்பச் சூடாக்கும்போது ஓரம் கொதித்தால் போதாது, நடுப்பகுதியும் 74 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். விருந்தில் மீந்த ஹாமுக்கும் இதே மூன்று நான்கு நாள் கணக்குதான். அதற்குள் சூப் வைக்க இயலாதென்றால் எலும்பை உடனே உறையவைத்துவிடுங்கள்.

கேள்வி: என் கணவருக்கு இரத்த அழுத்தம் உண்டு. வீட்டுக்கு வரும் நண்பர் குடும்பமோ பன்றி இறைச்சி உண்ணாது. இவர்களுக்கு என்ன செய்வது? — வாசகி, லண்டன்

பதில்: ஹாம் எவ்வளவு நல்லதானாலும் அது உப்பிட்ட, பதப்படுத்திய இறைச்சி. உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உண்ணச் சொல்கிறது. ஹாம் சேர்ந்த இரண்டு கிண்ண சூப்பில் அதில் பெரும்பகுதி தீர்ந்துவிடக்கூடும். ஆகவே உங்கள் கணவருக்கு எலும்பை மட்டும் போட்டு, இறைச்சியை விட்டுவிட்டு, உப்பே சேர்க்காமல், எலுமிச்சையும் மிளகும் கூட்டிக் கொடுங்கள். எவ்வளவு, எத்தனை நாளைக்கொரு முறை என்பதை அவருடைய மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். நண்பர்களுக்குப் புகையூட்டிய வான்கோழிக் காலைக் கொண்டு இதே முறையில் வைக்கலாம். அதிலும் தசைநார் மிகுதியாக இருப்பதால் கனம் குறையாது. அவர்கள் ஹலால் பார்ப்பவர்களானால் வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள், பாத்திரத்தையும் கரண்டியையும் தனியாக வையுங்கள். இறைச்சியே வேண்டாம் என்பவர்களுக்கு, காய்களை வதக்கும்போது ஒரு தேக்கரண்டி புகையூட்டிய பாப்ரிகாத் தூளை (காரம் குறைந்த சிவப்பு மிளகாய்த் தூள்) சேர்த்து, வெண்ணெயின் அளவை ஒரு மேசைக்கரண்டி கூட்டிக்கொள்ளுங்கள்.