கண்ணாடியில் புகார், காலடியில் தண்ணீர்: வாகனக் கேள்வி பதில்

மாரி தொடங்கிவிட்டதால் இம்முறை ஏசி, ஹீற்றர், கண்ணாடிப் புகார் (கண்ணாடியில் படியும் நீர்மூட்டம்) பற்றிய கேள்விகளையே எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மழைக்குள் கிளிநொச்சிக்குப் போகும்போது முன்கண்ணாடி முழுவதையும் புகார் மூடிவிடுகிறது. துணியால் துடைத்தால் முறிகண்டி வருவதற்குள் திரும்பவும் மூடுகிறது. பிள்ளைகளுக்குக் குளிரும் என்பதால் மழைக்கு ஏசி போடுவதில்லை. என்ன செய்யலாம்?
வாசகர், மாங்குளம்

பதில்: ஏசியைப் போடுங்கள். போடாமல் விடுவதுதான் பிரச்சினையே.

டாஷ்போட்டுக்குள் இருக்கும் கூலிங் கொயில், ஏசி ஓடும்போது உறைநிலைக்குச் சில பாகை மேலே நிற்கும். அதில் படும் காற்றின் ஈரம் நீராகி, ஒரு சிறிய குழாய் வழியே வாகனத்துக்குக் கீழே சொட்டும். நிறுத்திய இடத்தில் நீங்கள் காணும் தண்ணீர் அதுதான். ஆகவே உள்ளே வருவது ஈரம் வடிந்த காற்று. கண்ணாடியைக் காய வைப்பது அதன் குளிர் அல்ல, அதன் உலர்வு. பெரும்பாலான கார்களில் காற்று முதலில் கூலிங் கொயிலைத் தாண்டி, அதன் பிறகே ஹீற்றர் கொயிலுக்குப் போகும். எனவே ஏசி எரிந்துகொண்டிருக்கும்போதே வெப்பக் குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்பலாம். காற்று காய்ந்தும் வரும், இளஞ்சூடாகவும் வரும். பிள்ளைகளுக்குக் குளிராது.

ஒழுங்கு இதுதான். காற்று போகும் திசையை முன்கண்ணாடிப் படத்துக்கு மாற்றுங்கள் (விசிறி போல விரிந்த கண்ணாடியும் மேல்நோக்கி வளைந்த மூன்று அம்புகளும்). ஏசி விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். காற்றை வெளிக்காற்றுக்கு விடுங்கள், அதாவது காரின் படத்துக்குள் வெளியிலிருந்து அம்பு நுழையும் பக்கம். வெப்பத்தை நடுவைத் தாண்டிச் சற்றுச் சிவப்புக்கு, எண் காட்டும் கார் என்றால் 25 முதல் 27 வரை, வையுங்கள். பான் வேகத்தை முதலில் உச்சத்தில் விட்டு, கண்ணாடி தெளிந்ததும் குறையுங்கள். தானியங்கி ஏசி உள்ள பல கார்களில் முன்கண்ணாடிப் பொத்தானை அழுத்தினாலே ஏசியும் வெளிக்காற்றும் தாமாக வந்துவிடும். குமிழ் திருப்பும் பழைய அல்ற்றோ போன்றவற்றில் மூன்றையும் நீங்களே செய்ய வேண்டும்.

பலர் பிழைவிடும் இடம் அந்த வெளிக்காற்றுப் பொத்தான். மழை ஈரம் உள்ளே வந்துவிடும் என்று உட்சுற்றில் (உள்ளே உள்ள காற்றே திரும்பத் திரும்பச் சுழலும் நிலை) வைத்திருப்பார்கள். ஏசி நிற்கும்போது அப்படி வைத்தால் ஐந்து பேரின் மூச்சும் நனைந்த சட்டையும் கால்மிதியில் தேங்கிய தண்ணீரும் விடும் ஈரம் வெளியேற வழியில்லாமல் கண்ணாடியிலேயே படியும். மிதியை எடுத்து உதறிவிட்டு ஏறுவதே பாதிப் புகாரைக் குறைக்கும்.

கையால் துடைப்பதை விடுங்கள். கையெண்ணெயும், வெயிலில் டாஷ்போட் பிளாஸ்ரிக் விடும் ஆவியும் கண்ணாடியின் உட்புறத்தில் மெல்லிய பிசுக்காகப் படிந்திருக்கும். புகார் பிடிக்க அது போதும், இரவில் எதிரே வரும் வெளிச்சத்தைச் சிதறடிப்பதும் அதுதான். மாதம் ஒருமுறை கண்ணாடித் திரவம் தெளித்த மைக்ரோபைபர் துணியால் துடைத்து, இன்னொரு காய்ந்த துணியால் முடியுங்கள்.

கேள்வி: எனக்கு அதற்கு எதிர்மாறு. இரவில் மழை விட்ட பிறகு ஏசியை 18இல் போட்டு ஓடினால் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வெண்மையாகிறது. உள்ளே துடைத்தால் துணி நனைவதே இல்லை. முன்கண்ணாடிப் பொத்தானை அழுத்தினேன், இன்னும் மோசமானது. பொத்தான் பழுதா?
வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: பொத்தான் நன்றாகவே வேலை செய்கிறது, அதனால்தான் மோசமானது. உங்கள் புகார் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் இருக்கிறது.

ஐஸ் தண்ணீர் ஊற்றிய கிளாஸின் வெளியே துளிகள் பூப்பதைப் போன்றதுதான் இது. மழை விட்ட இரவில் வன்னிக் காற்று ஈரத்தால் நிரம்பி நிற்கும். வெளியே 26 பாகை என்றால், கண்ணாடி ஓரிரு பாகை இறங்கினாலே வெளியே பனிக்கத் தொடங்கிவிடும். நீங்கள் 18இல் குளிர்காற்றை நேரே கண்ணாடியில் அடிக்கும்போது கண்ணாடி அதைவிடவும் குளிர்ந்துபோகும். குளிர்காற்று கீழிருந்து மேலே அடிப்பதால் கீழ்ப்பகுதி முதலில் வெளுக்கும்.

கண்டுபிடிக்க விரலே போதும். உள்ளே விரலால் கோடு இழுங்கள். கோடு விழுந்தால் உட்புகார், முன் கேள்விக்குச் சொன்னதைச் செய்யுங்கள். கோடு விழாமல் வைப்பர் ஒரு தடவை போனதும் தெளிந்தால் வெளிப்புகார். அப்போது காற்றுத் திசையைக் கண்ணாடியிலிருந்து முகத்துக்கோ காலுக்கோ மாற்றி, வெப்பத்தை 25, 26க்கு உயர்த்தி, வைப்பரை ஒருமுறை போடுங்கள். ஏசியை நிறுத்தத் தேவையில்லை. நிறுத்தினால் சற்று நேரத்தில் உட்புகார் வந்து சேரும்.

குளிர்நாட்டுக்காரர் இணையத்தில் போடும் வீடியோக்கள் புகார் என்றால் அந்தப் பொத்தானை அழுத்தச் சொல்லும். அங்கே அது சரி, ஏனென்றால் அவர்களுக்கு வெப்பக் குமிழ் எப்போதும் சிவப்பில் நிற்கும். நமக்கு அது எப்போதும் நீலத்தின் அடியில் கிடக்கிறது. மிக ஈரமான நாளில் குளிர்காற்றோடு அந்தப் பொத்தானைப் பாவிக்க வேண்டாம் என்று டொயோட்டா கையேடுகளிலேயே எச்சரிக்கை உண்டு. கையேடு ஜப்பானிய மொழியில் இருந்தால் யார் வாசிப்பது என்று கேட்பீர்கள், அதுவும் நியாயம்தான்.

கேள்வி: டொயோட்டா அக்குவா ஹைபிறிட் கார் வைத்திருக்கிறேன். புகாரை எடுக்க வெப்பத்தைக் கூட்டினால் நிற்கும்போதும் இஞ்சின் ஓடுகிறது. பற்றரி போய்விட்டதா?
வாசகர், விசுவமடு

பதில்: இல்லை. அக்குவாவில் ஏசி கொம்பிறசர் மின்சாரத்தில் ஓடுவது, அதற்கு இஞ்சின் கட்டாயமில்லை. ஹீற்றருக்கோ இஞ்சினைச் சுற்றும் கூலன்டின் சூடுதான் வேண்டும். சூடு குறைந்தால் கார் தானாக இஞ்சினைப் போட்டுக்கொள்ளும். கண்ணாடி தெளிந்ததும் வெப்பத்தை ஓரிரு பாகை இறக்குங்கள், இஞ்சின் ஓய்ந்துவிடும்.

கேள்வி: பின்கண்ணாடிக் கோடுகளில் நடுவில் இரண்டு வேலை செய்வதில்லை. கண்ணாடியையே மாற்ற வேண்டும் என்கிறார்கள்.
வாசகர், செட்டிகுளம்

பதில்: தேவையில்லை. அவை மின்சூடாக்கிக் கம்பிகள். ஸ்ரிக்கர் சுரண்டும்போதோ கறுப்புத் தாள் உரிக்கும்போதோ ஒரு புள்ளியில் அறுந்திருக்கும். புகார் பிடித்த நேரம் பொத்தானைப் போட்டுப் பாருங்கள், தெளியாமல் நிற்கும் கோட்டில்தான் அறுப்பு. அந்த இடத்துக்கு மேலும் கீழும் ரேப் ஒட்டி, வெள்ளி கலந்த மின்கடத்தும் பெயின்ற்றை இடைவெளியில் மட்டும் பூசி, ஒரு நாள் காயவிடுங்கள். எல்லாக் கோடும் ஒன்றாகச் செத்திருந்தால் முதலில் பியூஸைப் பாருங்கள். துடைக்கும்போது கோடு போகும் திசையிலேயே, இடமிருந்து வலமாக, துடையுங்கள். மேலும் கீழும் தேய்க்க வேண்டாம்.

கேள்வி: ஹீற்றர் கொயில் ஒழுகுகிறது, நமது ஊருக்கு ஹீற்றர் எதற்கு என்று கராஜில் இரண்டு ஹோஸையும் ஒன்றாகப் பொருத்திவிட்டார்கள். சரியா?
வாசகர், மல்லாவி

பதில்: வீடு போய்ச் சேர அது சரி. அதோடு விட்டுவிடுவது சரியல்ல.

ஒழுகுவது ஹீற்றர் கொயில்தான் என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். உள்ளே இனிப்பான வாசம், துடைத்தாலும் எண்ணெய் போல இழுபடும் புகார், கூலன்ட் போத்தலில் மட்டம் இறங்குவது ஆகியவை சேர்ந்தால் அதுதான். முன் இருக்கையின் காலடியில் கிடப்பது நிறமும் மணமும் இல்லாத வெறும் தண்ணீர் என்றால் ஹீற்றரில் பழுதே இல்லை. ஏசித் தண்ணீர் வடியும் குழாய் அடைபட்டு உள்ளே வழிகிறது. கிரவல் வீதியில் ஓடும் வாகனங்களில் தூசும் சேறும் அதை அடைக்கும், சில வேளை குளவி மண்கூடு கட்டியிருக்கும். அடியிலிருந்து மெல்லிய பிளாஸ்ரிக் குழாயால் மெதுவாகக் குத்தினால் தண்ணீர் கொட்டும். அதற்குப் போய் ஹீற்றரைத் துண்டித்தவர்களும் உண்டு.

ஹோஸ்களை ஒன்றோடொன்று இணைத்திருந்தால் கூலன்ட் சுற்றிக்கொண்டே இருக்கும். இரண்டையும் தனித்தனியே அடைத்திருந்தால் உடனே பிரிக்கச் சொல்லுங்கள். சில இஞ்சின்களில் தெமோஸ்ரற் (இஞ்சின் சூடானதும் கூலன்டை றேடியேற்றருக்குத் திறந்துவிடும் வால்வு) திறப்பதற்கு முன் கூலன்ட் சுற்றும் வழியே ஹீற்றர்தான், அதை அடைத்தால் வெப்பம் ஒழுங்காகக் கட்டுப்படாது.

ஹீற்றர் இல்லாமல் நீங்கள் இழப்பது மூன்று. ஒன்று, மழையில் இளஞ்சூட்டுக் காற்று. இரண்டு, தை மாதம் நுவரெலியாப் பக்கம் போனால் தேவைப்படும் சூடு. விடியற்காலையில் அங்கே வெப்பம் பத்துக்குக் கீழே இறங்கும், சில நாள் புல்லில் உறைபனியும் விழும். மூன்றாவதுதான் பெரியது: இஞ்சின் சூடேறும்போது அது ஒரு இரண்டாம் றேடியேற்றர். வெப்பமுள் வழமைக்கு மேலே போனால் ஏசியை நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கி, வெப்பத்தை உச்சச் சிவப்பிலும் பான் வேகத்தை உச்சத்திலும் வையுங்கள். வியர்த்துக் கொட்டும், ஆனால் பாதுகாப்பான ஓரத்துக்குப் போய்ச்சேர நேரம் கிடைக்கும். முள் சிவப்பைத் தொட்டாலோ நீராவி வந்தாலோ உடனே ஓரங்கட்டி இஞ்சினை நிறுத்துங்கள். முள் ஏறியிருக்கும்போது ஹீற்றரிலிருந்து குளிர்ந்த காற்று வந்தால் கூலன்ட் தீர்ந்துவிட்டது என்று பொருள், அப்போதும் ஒரு அடி கூட ஓட வேண்டாம். றேடியேற்றர் மூடியை இஞ்சின் முழுதாக ஆறும் முன் தொடவே கூடாது.

கொயில் பழுதானதற்குக் காரணம் பெரும்பாலும் கிணற்றுத் தண்ணீர். கேத்தலில் வெள்ளைப் படை படிய வைக்கும் அதே தண்ணீரை றேடியேற்றருக்குள் ஊற்றினால் ஹீற்றர் கொயிலின் நுண்குழாய்கள்தான் முதலில் அடைபடும். துருவைத் தடுக்கும் மருந்தும் அதில் இல்லை. புதுக் கொயில் போட்டதும் பழைய தண்ணீரைக் கழுவி இறக்கி, கலந்தே விற்கும் கூலன்டை, அல்லது செறிவானதை வடித்த நீருடன் சரிபாதி கலந்து, நிரப்புங்கள்.

கேள்வி: சோளகத்தில் ரிப்பருக்குப் பின்னால் ஓடும்போது தூசு உள்ளே வருகிறது. காற்றும் குறைவாக வருகிறது.
வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: தூசுக்குள் உட்சுற்று, தூசைக் கடந்ததும் வெளிக்காற்று. மணிக்கணக்கில் உட்சுற்றிலேயே ஓடினால் மூச்சுக்காற்றின் கரியமிலவாயு கூடி, சாரதிக்குக் கண்ணைச் செருகும்.

காற்றுக் குறைவுக்குக் காரணம் காபின் பில்ற்றராக இருக்கலாம். பெரும்பாலான ஜப்பான் கார்களில் அது இடப்பக்க இருக்கையின் முன்னுள்ள சாமான் பெட்டிக்குப் பின்னால் உண்டு. பெட்டியைத் திறந்து, பக்கத்தில் உள்ள சிறு தாங்கியைக் கழற்றி, இரு பக்கச் சுவரையும் உள்நோக்கி அமுக்கினால் பெட்டி கீழே விழும். நீள்சதுர மூடியைக் கழற்றிப் பில்ற்றரை இழுங்கள். புதியதைப் போடும்போது அம்புக்குறியைப் பழையது நின்றபடியே வையுங்கள். தார் வீதிக்கு 10,000 முதல் 15,000 கிலோமீற்றர் தாங்கும் என்றால், கிரவலுக்கு 5,000இல் எடுத்துப் பாருங்கள். கழுவிப் போடுவது வீண், கடதாசி குலைந்துவிடும்.

கேள்வி: கார் ஓடும்போது ஏசி குளிர்கிறது, நிற்கும்போது குளிர் போகிறது. காஸ் குறைவு என்று ஒவ்வொரு கோடையும் அடிக்கிறேன்.
வாசகர், துணுக்காய்

பதில்: காஸ் பெற்றோல் போலத் தீர்ந்துபோவதில்லை. ஆண்டுதோறும் குறைகிறதென்றால் எங்கோ ஒழுகுகிறது. ஒழுக்கைக் கண்டுபிடிக்காமல் அடிப்பது காசை வெளியே விடுவதுதான்.

உங்கள் அறிகுறிக்கு முதலில் பார்க்க வேண்டியது கண்டென்சரும் (றேடியேற்றருக்கு முன்னால் நின்று ஏசி காஸின் சூட்டை வெளியேற்றும் பகுதி) அதன் பானும். ஏசியைப் போட்டுவிட்டு பொனற்றைத் திறந்து பான் சுற்றுகிறதா என்று பாருங்கள். பிறகு கண்டென்சரின் முகம். அறுவடைக் காலத்தில் வயலோரம் ஓடிய வாகனத்தில் பதரும் வைக்கோல் தூசும் கம்பளம் போலப் படிந்திருக்கும். இஞ்சின் ஆறிய பிறகு தோட்டத்து ஹோஸால் மெதுவாகக் கழுவுங்கள். சேர்விஸ் நிலையத்துப் பிறஷர் துப்பாக்கியை நேரே பிடித்தால் மெல்லிய தகடுகள் மடிந்து காற்று போகாது.

அதன் பிறகும் குளிரவில்லையென்றால் காஸை முழுவதும் எடுத்து, அரை மணி நேரம் வக்கியூம் பிடித்து, அது இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்து, பொனற்றின் கீழ் ஒட்டியிருக்கும் அளவுக்கே கிராம் கணக்கில் தராசில் நிறுத்து அடிக்கச் சொல்லுங்கள். கூட அடித்தாலும் குளிர் குறையும், கொம்பிறசரும் சிரமப்படும். ஆர்134ஏ காஸா வேறா என்பதும் அந்த ஒட்டியிலேயே இருக்கும். அக்குவா, பிறியஸ் என்றால் எண்ணெயிலும் கவனம்: அவற்றின் மின் கொம்பிறசருக்கு என்டி-11 வகை எண்ணெய் வேண்டும். சாதாரணக் கார்களின் பாக் எண்ணெய் கலந்தால் மின்காப்புக் கெட்டு, கொம்பிறசரையே மாற்ற வேண்டிவரும். ஒரே மெசினை எல்லா வாகனத்துக்கும் பாவிக்கும் இடத்தில் இதைக் கேட்டுவிட்டே காரை விடுங்கள்.

கேள்வி: வவுனியாவில் இரவு ஹயர் காத்திருக்கும்போது ஏசியைப் போட்டுக் கண்ணாடியை மூடி வானுக்குள் படுக்கிறேன். ஆபத்து என்கிறார்கள்.
வாசகர், ஓமந்தை

பதில்: உண்மைதான், படுக்காதீர்கள். சைலன்சரில் ஓட்டை இருந்தாலோ, வாகனம் சுவரோரம் அல்லது கொட்டகைக்குள் நின்றாலோ, கார்பன் மொனொக்சைட் உள்ளே வரும். அதற்கு மணமில்லை, உறக்கத்தில் இருப்பவருக்கு அது தெரியவும் தெரியாது. உட்சுற்றில் வைத்தால் வராது என்று நம்பவும் வேண்டாம், தரை ஓட்டைகளும் கதவு ரப்பரும் வழி விடும். இஞ்சினை நிறுத்தி, இரு பக்கமும் கண்ணாடியை நான்கு விரல் இறக்கி, நுளம்பு வலையைக் கதவோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு படுங்கள்.