உங்கள் அட்டையில் எந்த எழுத்து?
வாசகர் கேள்வி–பதில்: சுவிஸ் குடிவரவு, தஞ்சம், நாடு திரும்பல்

சுவிட்சர்லாந்து பற்றி வந்த கடிதங்களில் பலவற்றில் ஒரே குழப்பம். 'விசா இருக்கு' என்று எழுதுகிறார்கள், எந்த விசா என்று எழுதுவதில்லை. 'என்' (தஞ்ச வழக்கு முடியாதவர்), எஃப் (தற்காலிக அனுமதி), பி (வதிவிட அனுமதி), சி (நிரந்தர வதிவிடம்), எஸ் (போரிலிருந்து வந்தவர்களுக்குப் பாதுகாப்பு) என்று வதிவிட அட்டையில் அச்சிட்டிருக்கும் அந்த ஓர் எழுத்தைப் பொறுத்தே பதில் மாறும். எழுதும்போது அதைக் குறிப்பிட மறக்காதீர்கள்.

சுவிட்சர்லாந்தில் நாலில் ஒருவர் வெளிநாட்டவர் என்கிறார்களே, அவ்வளவு பேரும் அகதிகளாகப் போனவர்களா?
– வாசகர், திருச்சி

இல்லை. சுமார் 90 லட்சம் மக்களில் ஏறத்தாழ 27 விழுக்காட்டினர் வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்கள். இத்தாலி, ஜெர்மனி, போர்ச்சுகல், பிரான்ஸ் நாட்டவரே இவர்களில் முன்னணியில் இருப்பவர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துடன் செய்த ஒப்பந்தம் 2002 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருப்பதால், அந்நாட்டவர் வேலை கிடைத்தாலே வந்து குடியேறலாம். இன்னொரு காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. அங்கே பிறந்தால் மட்டும் குடியுரிமை வராது. சூரிச்சில் பிறந்து அங்கேயே பள்ளி முடித்த பிள்ளையும், விண்ணப்பித்துப் பெறும்வரை, கணக்கில் வெளிநாட்டவர்தான்.

குடியேறியவர்களில் வெளியேறியவர்களைக் கழித்தால் 2023இல் ஏறத்தாழ 98,800 பேர் கூடினார்கள், 2024இல் 83,400 பேர். தஞ்ச விண்ணப்பங்கள் தனிக் கணக்கு: 2015இல் 39,523, 2023இல் 30,223, 2024இல் 27,740. 2024இல் முதலிடம் ஆப்கானிஸ்தான், அடுத்தது துருக்கி. இந்த எண்ணிக்கையில் எல்லாரும் புதிதாக எல்லை கடந்து வந்தவர்கள் அல்லர். அங்கேயே பிறந்த குழந்தைகளும், இரண்டாம் முறை விண்ணப்பித்தவர்களும் இதில் அடக்கம். உக்ரைனியர் இதில் சேரமாட்டார்கள். அவர்களுக்கென 2022 மார்ச் 12 முதல், தனித்தனித் தஞ்ச விசாரணை இல்லாமல் தரப்படும் எஸ் அட்டை இருக்கிறது.

மக்களும் இதில் அடிக்கடி வாக்களிக்கிறார்கள். 2014 பிப்ரவரியில் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தும் யோசனை 50.3 விழுக்காட்டில் நூலிழையில் வென்றது. 2020 செப்டம்பரில் ஐரோப்பியரின் தடையற்ற வரவை நிறுத்தும் யோசனையை 61.7 விழுக்காட்டினர் நிராகரித்தார்கள். வெளியே போகிறவர்களும் குறைவில்லை. 2024 முடிவில் வெளிநாடுகளில் பதிவு செய்திருந்த சுவிஸ் குடிமக்கள் ஏறத்தாழ 8,26,700 பேர், அதிகம் பேர் பிரான்சில்.

தம்பிக்கு 26 வயது. கொழும்பில இருக்கிற சுவிஸ் தூதரகத்தில அகதி விண்ணப்பம் போட்டுத் தாறன் எண்டு ஒரு ஏஜென்ட் காசு கேக்கிறார். நம்பலாமோ? அங்க போய்ச் சேர்ந்தால் என்ன நடக்கும்?
– வாசகி, முல்லைத்தீவு

தயவுசெய்து அந்தக் காசைக் கொடுக்காதீர்கள். தூதரகம் வழியாகத் தஞ்சம் கேட்கும் வசதி ஒரு காலத்தில் இருந்தது உண்மை. கொழும்பில் நிறையத் தமிழர் அப்படி விண்ணப்பித்தார்கள். 2012 செப்டம்பர் 29 அன்று அதை மூடிவிட்டார்கள். 2013இல் நடந்த வாக்கெடுப்பிலும் மக்கள் அந்த முடிவை உறுதி செய்தார்கள். இன்று எஞ்சியிருப்பது மனிதாபிமான விசா ஒன்றே. உயிருக்கு உடனடியான, நேரடியான ஆபத்து இருப்பதைத் தம்பி தாமே தூதரகத்துக்குப் போய்க் காட்ட வேண்டும். அது மிக அரிதாகத்தான் கிடைக்கிறது. ஏஜென்ட் அதில் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

சுவிஸ் மண்ணில் தஞ்சம் கேட்டால் நடப்பது இது. சூரிச், பேர்ன், பாசல், ஆல்ட்ஸ்டேட்டன், பூட்ரி, கியாசோ ஆகிய இடங்களில் விசாரணை நடத்தும் மத்திய அரசின் முகாம்கள் இருக்கின்றன. முதலில் கைரேகையும் படமும் எடுத்து, அடையாளப் பத்திரங்களை வாங்கிக்கொள்வார்கள். கைரேகை ஐரோப்பியப் பொதுத் தரவுத்தளத்தில் ஒப்பிடப்படும். இத்தாலியிலோ குரோஷியாவிலோ முன்பே ரேகை வைத்திருந்தாலும், வேறொரு ஷெங்கன் நாட்டின் (ஐரோப்பாவில் பொது விசா உள்ள நாடுகளில் ஒன்றின்) விசாவில் வந்திருந்தாலும், பெரும்பாலும் அந்த நாடுதான் வழக்கைப் பார்க்க வேண்டும் என்று திருப்பி அனுப்புவார்கள். 'அதெல்லாம் அழிந்துவிடும்' என்று ஏஜென்ட் சொன்னால் நம்ப வேண்டாம்.

2019 மார்ச் 1க்குப் பிறகு எல்லாமே வேகம். முகாமில் இருக்கக்கூடிய அதிகபட்சக் காலம் 140 நாள். முதல் நாட்களிலேயே இலவச வழக்கறிஞர் ஒருவரை ஒதுக்குவார்கள். அவரிடம் எதையும் மறைக்க வேண்டாம், அவர் அரசு அதிகாரி அல்லர். வழக்கின் உயிர் முழு விசாரணையில் இருக்கிறது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருப்பார். முடிவில் எழுதியதை முழுக்கத் தமிழில் வாசித்துக் காட்டி, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்குவார்கள். பலர் தோற்பது இந்த இடத்தில்தான். ஏழெட்டு மணி நேரக் களைப்பில், 'சரி சரி' என்று தலையாட்டிக் கையெழுத்துப் போடுகிறார்கள். மாதமோ, ஊர்ப் பெயரோ, கூட்டிப் போனவர்கள் ராணுவமா சி.ஐ.டி.யா என்பதோ தவறாகப் பதிவானால் அங்கேயே திருத்தச் சொல்ல வேண்டும். பிறகு சொன்னால் 'முன்னுக்குப் பின் முரண்' என்று தீர்ப்பில் எழுதுவார்கள். தேதி நினைவில்லை என்றால் நினைவில்லை என்றே சொல்லலாம். ஊகித்த தேதி, சொல்லாத தேதியைவிடக் கெடுதல். பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்களுக்கு, அவர்களின் பாலினத்தவரே விசாரிக்கும் குழுவை அமைக்க வேண்டும் என்பது விதி. சொல்லத் தயங்கி விட்டுவிட்டுப் பின்னர் சொல்லும் விஷயம் நம்பப்படாமல் போவதை நிறையத் தீர்ப்புகளில் காணலாம்.

இன்னொருவருடைய கதையை மனப்பாடம் செய்துகொண்டு போவதும் ஆபத்து. அதிகாரிகள் வீட்டின் அமைப்பு, வழி, அன்றைய காலநிலை என்று சுற்றிவளைத்துக் கேட்பார்கள். அனுபவித்தவரால்தான் அவற்றுக்குப் பதில் சொல்ல முடியும்.

நிராகரிப்பதாக இருந்தால், முடிவின் வரைவு வழக்கறிஞரிடம் முதலில் வரும். கருத்துச் சொல்ல 24 மணி நேரம்தான். இறுதி முடிவு கைக்கு வந்தபின், விரைவு நடைமுறையில் மேன்முறையீட்டுக்கு 7 வேலை நாள், வேறு நாட்டுக்கு அனுப்பும் முடிவானால் 5 வேலை நாள், கூடுதல் விசாரணை தேவைப்படும் நீட்டித்த நடைமுறையில் 30 நாள். மேன்முறையீடு செயின்ட் கேலனில் உள்ள கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றத்துக்குப் போகும். வெல்ல வாய்ப்பில்லை என்று முகாம் வழக்கறிஞர் கருதினால் விலகிக்கொள்ளலாம். அதனால் உங்கள் உரிமை போய்விடாது. அன்றைக்கே வேறு சட்ட ஆலோசனை நிலையத்தைத் தேடிப் போக வேண்டும். 'அடுத்த கிழமை பார்ப்பம்' என்று இருந்தவர்களின் வழக்குகள் நாள் கடந்தே செத்திருக்கின்றன.

இலங்கை வழக்குகளை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அந்த நீதிமன்றம் 2016 ஜூலை 15இல் ஒரு முன்னோடித் தீர்ப்பு கொடுத்தது. தமிழர் என்பதோ வெளிநாட்டில் தஞ்சம் கேட்டவர் என்பதோ மட்டும் போதாது என்றது. புலிகளோடு இருந்த, அல்லது இருந்ததாகச் சந்தேகிக்கப்படும் தொடர்பு, கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பார்க்கும் தடுப்புப் பட்டியலில் பெயர், புலம்பெயர் நாட்டில் வெளிப்படையான அரசியல் செயல்பாடு ஆகியவை கனமான காரணங்கள். தழும்பு, கடவுச்சீட்டு இல்லாமல் திரும்புவது, நெடுங்காலம் மேற்கு நாட்டில் இருந்தது ஆகியவை தனியாக நின்றால் பலம் குறைந்தவை. உங்கள் தம்பியின் நிலை இதில் எங்கே நிற்கிறது என்பதை வீட்டைவிட்டுப் புறப்படும் முன்பே நேர்மையாக எண்ணிப் பாருங்கள். நிராகரித்து, வெளியேறக் கொடுத்த கெடுவும் முடிந்தால் வேலை செய்ய முடியாது. அவசர உதவி மட்டும் கிடைக்கும். பல கன்டோன்களில் (மாநிலங்களில்) அது நாளுக்குப் பத்து பிராங்க் அளவுதான். அந்த நிலையில் வருடக் கணக்கில் காலம் கழிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஏஜென்ட் இதைச் சொல்லமாட்டார்.

எனக்கு எஃப் அட்டை கிடைச்சு இரண்டரை வருசம். மனைவியும் 11 வயசு மகளும் வவுனியாவில. எப்ப கூப்பிடலாம்?
– வாசகர், லுசேர்ன்

சட்டத்தில் எழுதியிருப்பது 3 ஆண்டு. டென்மார்க்குக்கு எதிரான ஒரு வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்த பிறகு, 2022 முடிவிலிருந்து சுவிஸ் நீதிமன்றமும் 2 ஆண்டு கடந்ததுமே தனித்தனியாகப் பரிசீலிக்கச் சொல்லியிருக்கிறது. ஆகவே இப்போதே உங்கள் கன்டோனின் குடிவரவு அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள்.

சோசியல் காசு (அரசின் சமூக உதவித் தொகை) எடுக்காமல் குடும்பத்தைக் காப்பாற்றும் வருமானம் வேண்டும். கணக்கில் வாடகை, மூவரின் மருத்துவக் காப்பீட்டுத் தவணை எல்லாம் வரும். வீட்டுக்குப் பொதுவாகப் பார்ப்பது ஆட்களின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்த அளவு அறைகள். மூன்று பேருக்கு இரண்டு அறை. மனைவிக்கு அந்தக் கன்டோன் மொழியில் ஏ1 (தொடக்க நிலை) தேவை, வகுப்பில் சேர்ந்ததற்கான சான்று இருந்தாலும் ஏற்பார்கள். மகளுக்கு 12 வயதாகப் போவதுதான் உங்களுக்கு அவசரம். பன்னிரண்டைக் கடந்த பிள்ளைகளுக்கு, காத்திருப்புக் காலம் முடிந்து ஓர் ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், மற்றவர்களுக்கு 5 ஆண்டு. சம்பளம் போதவில்லை என்று தள்ளிப்போட்டு இந்தக் கெடுவை விட்டவர்கள் நிறையப் பேர். எஃப் அட்டைக்காரர் எந்தக் கன்டோனிலும் வேலை செய்யலாம், முதலாளி பதிவு மட்டும் செய்தால் போதும். வருமானத்தை உயர்த்த அந்த வழி திறந்தே இருக்கிறது.

அகதி அந்தஸ்தோட பி அட்டை இருக்கு. அம்மா யாழ்ப்பாணத்தில படுத்த படுக்கை. ஒரு கிழமை போய் வரலாமோ?
– வாசகி, பேர்ன்

உங்கள் வலி புரிகிறது, ஆனாலும் அப்படியே போய்விடாதீர்கள். உங்கள் அகதிப் பயணப் பத்திரம் இலங்கைக்குச் செல்லாது. இலங்கைக் கடவுச்சீட்டு எடுத்துப் போனால், தாய்நாட்டின் பாதுகாப்பை மீண்டும் ஏற்றுக்கொண்டதாகக் கொண்டு அகதி அந்தஸ்தைப் பறிப்பார்கள். இந்தியா வழியாகப் போனாலும் தெரியவருகிறது. வேறு வழியே இல்லாத கட்டாயத்தில் போனதாக நிரூபித்தால் விலக்கு உண்டு. அதற்கான சுமை உங்கள் தோளில். மருத்துவமனைக் கடிதங்களைச் சேர்த்து, போகும் முன்பே சட்ட ஆலோசகர் மூலம் குடிவரவுச் செயலகத்துக்கு எழுதுங்கள். சி அட்டை உள்ளவர்களுக்கு அகதி அந்தஸ்து போனாலும் வதிவிட உரிமை தானாகப் போகாது. பி அட்டையில் அந்த உறுதி இல்லை. அம்மா பயணம் செய்யக்கூடியவர் என்றால் சென்னையில் சந்திப்பதே பாதுகாப்பு. உங்கள் பயணப் பத்திரத்தில் இந்திய விசா எடுக்க நாள் பிடிக்கும், முன்கூட்டியே தொடங்குங்கள்.

சுவிஸ் குடியுரிமைக்கு எத்தனை வருடம்?
– வாசகர், பாசல்

2018 முதல் 10 ஆண்டு, கையில் சி அட்டையும் வேண்டும். 'என்' எழுத்து அட்டையில் கழிந்த காலம் கணக்கில் வராது, எஃப் பாதி, பி முழுசு. 8 முதல் 18 வயதுவரை இருந்த ஆண்டுகள் இரட்டிப்பு. மொழித் தேர்ச்சி பேச்சில் பி1 நிலை, எழுத்தில் ஏ2 நிலை. கடந்த 3 ஆண்டில் சோசியல் எடுத்திருந்தால், திருப்பிக் கட்டாதவரை முடியாது. கடன் வசூல் பதிவேட்டில் பெயர் இருந்தாலும் சிக்கல், கட்டாமல் விட்ட சிறு கைபேசிக் கட்டணம்கூட அங்கே போய் நிற்கும். விண்ணப்பிக்கும் முன் வீடு மாறாதீர்கள். கன்டோனும் ஊராட்சியும் தங்கள் எல்லைக்குள் 2 முதல் 5 ஆண்டு இருந்ததைக் கேட்கும்.

மென்பொருள் பொறியாளர். நேரடியாக வேலை விசா எடுக்க முடியுமா?
– வாசகர், சென்னை

நீங்கள் எடுக்க முடியாது, முதலாளிதான் விண்ணப்பிக்க வேண்டும். ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள நாட்டவருக்கு ஆண்டு ஒதுக்கீடு சில ஆண்டுகளாக 8,500: பி 4,500, குறுகிய கால எல் 4,000. சுவிசிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் தகுந்த ஆள் கிடைக்கவில்லை என்பதை, விளம்பரம் செய்த ஆதாரத்தோடு நிறுவனம் காட்ட வேண்டும். சம்பளமும் உள்ளூர் அளவில் இருக்க வேண்டும். கன்டோன், பிறகு மத்தியச் செயலகம், அதன்பின்தான் விசா. வந்து 14 நாளுக்குள், வேலையில் சேரும் முன், ஊராட்சியில் பதிய வேண்டும். சுவிஸ் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்தவருக்கு வேலை தேட 6 மாதம் தருகிறார்கள். இளையவர்களுக்கு அது நல்ல வழி.

35 வருசம் உணவக அடுக்களையில வேலை. சி அட்டை, இலங்கைக் குடியுரிமை. பென்சனோட ஊருக்குப் போய் இருக்க ஆசை.
– வாசகர், தூண்

ஐயா, பயணச்சீட்டு எடுக்கும் முன் இதைப் படியுங்கள். இலங்கையோடு சுவிசுக்குச் சமூகக் காப்பீட்டு ஒப்பந்தம் இல்லை. அதனால் இலங்கைக் குடிமகனாகப் போனால் அரச ஓய்வூதியம், அதாவது ஆஹாஃபாவ், அங்கே வராது. நிரந்தரமாக வெளியேறியவர்கள் கட்டிய தொகையைத் திரும்பக் கேட்கலாம், வட்டி இல்லை. ஒருமுறை வாங்கினால் ஓய்வூதிய உரிமை முடிந்தது. சுவிஸ் குடியுரிமை எடுத்தவருக்கோ உலகில் எங்கிருந்தாலும் மாதாமாதம் வரும். 35 ஆண்டு உழைத்தவருக்கு இது பெரிய வித்தியாசம். உங்களால் மொழித் தேர்வு எழுத முடியும் என்றால் முதலில் குடியுரிமைக்குப் போடுங்கள். படிக்கவும் எழுதவும் பெரும் சிரமம் இருப்பதை நிரூபித்தால் அதையும் கணக்கில் எடுப்பார்கள். இரட்டைக் குடியுரிமையை சுவிஸ் 1992 முதல் அனுமதிக்கிறது. இலங்கைப் பக்கம் தனியாக விண்ணப்பித்து வைக்க வேண்டும்.

நிறுவன ஓய்வூதியத் தொகையை, நாட்டைவிட்டுப் போகும்போது மொத்தமாக எடுக்க மனைவியின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், மூலத்தில் வரி பிடிப்பார்கள். ஓய்வூதியம் போதாதவர்களுக்குத் தரும் துணைக் கொடுப்பனவு வாங்குபவராக இருந்தால், ஆண்டில் 3 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தாலே அது நிற்கும்.

போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றால், சி அட்டையை 4 ஆண்டுவரை காத்து வைக்கலாம். ஆறு மாதம் முடியும் முன் கன்டோனில் விண்ணப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் உரிமை தானாக அழிந்துவிடும். உறவினர் வீட்டு முகவரியை விட்டுவிட்டு, ஐந்தாம் மாதம் இரண்டு கிழமைக்கு வந்து தலையைக் காட்டினாலும் அந்த ஆறு மாதக் கணக்கு நிற்காது. விண்ணப்பத்தில் போகும் தேதியையும் காரணத்தையும் திரும்பும் உத்தேசத்தையும் எழுதி, பதில் கைக்கு வந்தபின் ஊராட்சியில் பெயரை எடுக்கச் சொல்லுங்கள்.