போன எக்கோவில் 60, இந்த எக்கோவில் 54: எதை நம்புவது?

பத்தொன்பது வருடமாக எக்கோ, அதாவது இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், எடுக்கும் டெக்னீஷியன் நான். டாக்டர் இல்லை, அதனால் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ என்னிடம் கேட்க வேண்டாம். ரிப்போர்ட்டில் இருக்கும் எண் எப்படி அங்கே வந்தது என்று கேளுங்கள், எனக்குத் தெரிந்த வரை சொல்கிறேன்.

கேள்வி: அப்பாவுக்குப் போன வருடம் பம்பிங் 60 சதவீதம். இந்த முறை வேறு ஊரில் எடுத்தோம், 54 என்று வந்திருக்கிறது. அவர் எப்போதும் போல நடைப்பயிற்சி போகிறார். பயப்பட வேண்டுமா, அக்கா?

வேண்டாம், தம்பி. 60 என்பது நூற்றுக்கு வாங்கிய மார்க் இல்லை. இதயத்தின் இடது கீழறையில் நிறைந்திருக்கும் ரத்தத்தில் எத்தனை சதவீதம் ஒரு துடிப்பில் வெளியே போகிறது என்பதுதான் அது. நூறு யாருக்கும் வராது. ஆண்களுக்கு 52 முதல் 72 வரை, பெண்களுக்கு 54 முதல் 74 வரை நார்மல். அப்பா இரண்டு முறையும் நார்மலுக்குள்தான் இருக்கிறார்.

அந்த எண்ணை எடுக்க, அறை விரிந்திருக்கும் படத்தை நிறுத்தி அதன் உள்சுவரை ஒட்டிக் கோடு வரைகிறோம். சுருங்கிய படத்திலும் அதே மாதிரி. இப்படி இரண்டு கோணங்களில் செய்ய வேண்டும். சுவரின் விளிம்பு பளிச்சென்று தெரியாது, பிரித்த பஞ்சு மாதிரிதான் இருக்கும். என் கோடு ஓரிரு மில்லிமீட்டர் உள்ளே போனாலே கணக்கு மாறிவிடும். ஒரே இதயத்தை இரண்டு பேர் அளந்தால் 5 முதல் 10 புள்ளி வரை வித்தியாசம் வருவது சாதாரணம். கோடே வரையாமல், பார்த்து மதிப்பிட்டு 55, 60 என்று எழுதும் இடங்களும் உண்டு. 60 இருந்தது 42 ஆகி, கூடவே மூச்சும் வாங்கினால் அது வேறு கதை.

கேள்வி: அம்மாவுக்கு, இதயத்திலிருந்து ரத்தம் உடலுக்குப் போகும் வழியில் இருக்கும் அயோர்டிக் வால்வில் சுருக்கம். ஏழு மாதம் முன்பு வால்வின் பரப்பு 1.1 சதுர செ.மீ., இப்போது 0.9. ஒன்றுக்குக் கீழே போனால் ஆபரேஷன் என்கிறார்கள். இவ்வளவு வேகமாகச் சுருங்குமா?

சராசரியாக வருடத்துக்கு 0.1 தான் குறையும். ஏழு மாதத்தில் 0.2 என்றால் முதலில் அளவைத்தான் சந்தேகப்படுவேன்.

இந்தப் பரப்பை நேராக அளப்பது குறைவு. வால்வுக்குச் சற்று முன்னால் உள்ள பாதையின் விட்டத்தை அளந்து, அதை வைத்துக் கணக்குப் போடுகிறோம். விட்டம் அந்தக் கணக்கில் வர்க்கமாகிவிடும். பாதையை ஒருவர் 2.0 செ.மீ. என்று அளந்தால் அதன் பரப்பு 3.14. இன்னொருவர் 1.8 என்று அளந்தால் 2.54. மற்றதெல்லாம் அப்படியே இருக்க, இந்த ஒன்று மாறியதற்கே 1.1 இருந்த வால்வு 0.89 ஆகிவிடும். வால்வில் ஒன்றுமே நடந்திருக்காது.

நான் சேர்ந்த புதிதில் இதே தப்பைச் செய்தேன். பழைய படத்தைத் திறக்காமலே அளந்து எழுதிவிட்டேன். அந்தக் குடும்பம் இரண்டு நாள் தூங்கவில்லை. சீனியர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியபோதுதான் புரிந்தது. அன்றிலிருந்து பழைய படத்தைப் பார்க்காமல் விட்டத்தில் கை வைப்பதில்லை.

இரண்டு ரிப்போர்ட்டிலும் வால்வு வழியாக ரத்தம் பாயும் உச்ச வேகத்தைப் பாருங்கள். அது நேரடி அளவு. முன்பு நொடிக்கு 3.4 மீட்டர், இப்போதும் 3.4 என்றால் பெரும்பாலும் வால்வு அப்படியேதான் இருக்கிறது. 4 தொட்டால் கடும் சுருக்கம். ஆனால் பம்பிங் குறைந்தவர்களுக்கு, சுருக்கம் கடுமையாக இருந்தும் வேகம் ஏறாது. அதையும் டாக்டரிடம் கேளுங்கள். படியேறும்போது நெஞ்சு வலி, மயக்கம், மூச்சிரைப்பு இருந்தால் எண்களை ஒப்பிட்டுக்கொண்டு உட்காராதீர்கள், உடனே காட்டுங்கள்.

கேள்வி: மார்பகப் புற்றுநோய்க்கு டிராஸ்டுசுமாப் ஊசி போடுகிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ. 62, 58, 51 என்று வந்திருக்கிறது. எல்லாம் ஒரே ஆஸ்பத்திரிதான். இதுவும் அளவு வித்தியாசம்தானா, மேடம்?

இதை அப்படி விடக் கூடாது, அம்மா. ஒரே இடம், ஒவ்வொரு முறையும் இறங்குமுகம், மொத்தம் 11 புள்ளி. அடுத்த ஊசிக்கு முன் மூன்று ரிப்போர்ட்டையும் சேர்த்துப் புற்றுநோய் டாக்டரிடம் காட்டுங்கள். ஸ்ட்ரெய்ன் என்ற அளவு எடுத்தார்களா என்று கேளுங்கள். அது இதயத் தசை எவ்வளவு சுருங்குகிறது என்று பார்ப்பது, பல சமயம் பம்பிங் குறைவதற்கு முன்பே காட்டிக்கொடுக்கும். முதல் ஸ்ட்ரெய்ன் அளவிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் கவனிக்க வேண்டும். இந்த மருந்தால் வரும் குறைவு பலருக்கும் சரியாகிவிடுகிறது, தைரியமாக இருங்கள். ஊசியை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி: எக்கோவில் மகாதமனியின் (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்) அகலம் 41 மி.மீ., அடுத்த மாதம் சி.டி. ஸ்கேனில் 43. வளர்கிறதா?

இரண்டும் ஒரே இடத்தை ஒரே மாதிரி அளப்பதில்லை. எக்கோவை எக்கோவோடும் சி.டி.யை சி.டி.யோடும் ஒப்பிடுங்கள். ஒரு வருடத்தில் 5 மி.மீ., அல்லது அடுத்தடுத்த இரண்டு வருடம் தலா 3 மி.மீ. வளர்ந்தால் அது நிஜமான வளர்ச்சி. அதுவரை பி.பி.யைக் கட்டுக்குள் வையுங்கள்.

கேள்வி: இதயம் பெரிதாகிவிட்டது என்று சொன்னபோது என் கணவருக்கு பம்பிங் 28. இரண்டு வருட மாத்திரைக்குப் பிறகு 55. இனி நிறுத்தலாம்தானே என்கிறார்.

28-லிருந்து 55 என்பது எந்த அளவுப் பிழையாலும் வராது. நிஜமாகவே தேறியிருக்கிறார், சந்தோஷம். ஆனால் மாத்திரை பிடித்து வைத்திருப்பதால்தான் அந்த 55. இவரைப் போலத் தேறியவர்களை வைத்து பிரிட்டனில் ஓர் ஆய்வு நடந்து 2019-ல் வெளிவந்தது. மாத்திரையைப் படிப்படியாக நிறுத்திய 25 பேரில் 11 பேருக்கு ஆறே மாதத்தில் நோய் திரும்பியது. தொடர்ந்தவர்களில் அதே ஆறு மாதத்தில் ஒருவருக்கும் திரும்பவில்லை. இதை அவருக்கு அப்படியே படித்துக் காட்டுங்கள், அக்கா.

கேள்வி: அடுத்த எக்கோவுக்கு என்ன கொண்டுவர வேண்டும்?

பழைய ரிப்போர்ட் மட்டும் போதாது, படங்கள் இருக்கும் குறுந்தகட்டையும் கேட்டு வாங்கி வையுங்கள். முடிந்தால் அதே இடத்தில் எடுங்கள். படியேறி வந்த கையோடு படுக்காமல் பத்து நிமிடம் உட்காருங்கள். அன்றைய பி.பி.யை ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லுங்கள், பி.பி. ஏறியிருந்தால் வால்வுக் கசிவு கூடுதலாகத் தெரியும். அப்புறம், இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து "மூச்சை விட்டு நிறுத்துங்கள்" என்று சொன்னால் அந்தச் சில நொடி பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்துங்கள். நல்ல படம் அப்போதுதான் கிடைக்கும்.