அதே பெயர், அதே பாஸ்வேர்ட், வேறு சாவி

அன்புள்ள சார்,

ஜாவாவில் ஓடும் ஒரு சர்வருக்கு, தளம் அசல்தான் என்று பிரவுசருக்குக் காட்டும் சான்றிதழ் போடும் வேலை என் தலையில் விழுந்தது. முன்பு இதைப் பார்த்துக்கொண்டவர் எழுதிவைத்த குறிப்பில் இருந்த, ஜாவாவோடு வரும் கீடூல் என்ற கருவியின் கமாண்ட்களை வரிசையாக ஓட்டினேன். சாவிகளையும் சான்றிதழ்களையும் வைக்கும் கீஸ்டோர் என்ற கோப்பு உருவானது. கோரிக்கைக் கோப்பைச் சான்றிதழ் வழங்கும் நிறுவனத்துக்கு அனுப்பினேன், சான்றிதழும் வந்தது. அதை ஏற்றியபோது 'கீஸ்டோரில் சேர்க்கப்பட்டது' என்றுதான் சொன்னது. ஆனால் பிரவுசர் எச்சரிக்கை காட்டுவது நிற்கவில்லை. விவரம் தெரிந்த நண்பர் ஒருவருக்குக் கீஸ்டோரை மெயிலில் அனுப்பிக் கேட்டேன், அவருக்கும் பிடிபடவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, அதே பெயர், அதே விவரம், அதே பாஸ்வேர்ட் கொடுத்து முதலிலிருந்து செய்தேன். இப்போது சான்றிதழை ஏற்றவே மறுக்கிறது. பதிலில், அதாவது வந்த சான்றிதழில், உள்ள பொதுச்சாவியும் கீஸ்டோரில் உள்ளதும் பொருந்தவில்லையாம். எல்லாம் அதேதானே கொடுத்தேன்?

இன்னொன்று. சான்றிதழின் ஆயுளை 47 நாளாகக் குறைக்கப்போகிறார்களாமே. மாதாமாதம் இந்தக் கூத்தா? கமாண்ட் இல்லாமல் மவுஸிலேயே செய்ய வழி உண்டா?

அன்புடன்,
ம.

*

அன்புள்ள ம.,

உங்கள் இரண்டு முயற்சிகளிலும் நேர்ந்த தவறுகளை நானும் செய்திருக்கிறேன். மூன்றாவதாக ஒன்றும் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. அதைத் தவறு என்றே நினைக்காமல் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் உங்கள் 'அதேதானே' கேள்வி. சாவி பெயரிலிருந்தும் பிறப்பதில்லை, பாஸ்வேர்டிலிருந்தும் பிறப்பதில்லை. கீடூலில் 'ஜென்கீபேர்' ஓட்டும் ஒவ்வொரு முறையும் கணினி தாறுமாறான எண்களைத் திரட்டி, யாருக்கும் காட்டக்கூடாத தனிச்சாவியும் எவருக்கும் காட்டலாம் என்ற பொதுச்சாவியுமாகப் புத்தம்புதிய ஜோடி ஒன்றைச் செய்கிறது. பாஸ்வேர்ட் என்பது அந்த ஜோடியை வைத்திருக்கும் பெட்டியின் பூட்டு. ஏலியஸ் என்பது பெட்டிக்குள் எந்தச் சாவி எது என்று தெரிய ஒட்டிவைத்த சீட்டு. நிறுவனப் பெயர், டொமைன் பெயர் எல்லாம் சான்றிதழில் எழுதப்படும் விலாசம். இவை மூன்றையும் அப்படியே திருப்பிக் கொடுத்தாலும் உள்ளே பிறப்பது வேறு பிள்ளைதான். உங்களுக்கு வந்த சான்றிதழோ பழைய பிள்ளையின் பொதுச்சாவிக்குப் போட்ட கையெழுத்து. கீடூல் மறுத்தது சரிதான்.

அதே சாவி மறுபடி வந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்படியும் ஒருமுறை நடந்தது. 2006-ல் டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் சேர்த்த, சாவி செய்ய உதவும் ஓபன்எஸ்எஸ்எல் பொதியில், சோதனைக் கருவி ஒன்று எச்சரிக்கை காட்டுகிறதே என்று சில வரிகளைச் செயலிழக்கச் செய்தார்கள். தாறுமாறு எண்களைக் கலந்துகொடுக்கும் வேலையே அந்த வரிகளில்தான் இருந்தது. மிஞ்சியது ஓடும் நிரல் ஒவ்வொன்றுக்கும் கணினி தரும் வரிசை எண் மட்டும். அதனால் ஒரே வகைக் கணினியில், ஒரே அளவுள்ள சாவிக்கு 32 ஆயிரத்துச் சொச்சம் சாத்தியங்கள்தான் இருந்தன. ஒருவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் முன்கூட்டியே செய்து பட்டியல் போட்டுவிடலாம், போட்டார்கள். 2008 மே மாதம் விஷயம் வெளியே வந்தபோது, இடைப்பட்ட காலத்தில் அந்தக் கணினிகளில் பிறந்த சாவிகளை எல்லாம் தூக்கிப்போட வேண்டியதாயிற்று. சாவி நன்றாக இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது என்பதுதான் இதில் கொடுமை. எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டுதான் இருந்தது.

சரி, முதல் தடவை ஏன் பிரவுசர் ஏற்கவில்லை? நீங்கள் எழுதாவிட்டாலும் ஊகிக்க முடிகிறது. சான்றிதழை ஏற்றும்போது புதிதாக ஓர் ஏலியஸ் கொடுத்திருப்பீர்கள். 'புதுசு' என்பது போல ஏதோ ஒன்று. கீடூலின் பெரிய வம்பு இதுதான். 'இம்போர்ட்சர்ட்' என்ற ஒரே கமாண்ட் இரண்டு வேறு வேலைகளைச் செய்கிறது. தனிச்சாவி ஏற்கெனவே இருக்கும் ஏலியஸைக் கொடுத்தால், 'ஓ, இந்தச் சாவிக்கு வந்த பதிலா' என்று புரிந்துகொண்டு சான்றிதழைச் சாவியோடு சேர்க்கும். இல்லாத ஏலியஸைக் கொடுத்தால், 'யாரோ நம்பகமான ஆளின் சான்றிதழ் போல' என்று தனியே ஓரமாக வைத்துவிடும். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரியான வெற்றிச் செய்திதான்.

ஏமாறாமல் இருக்க ஒரே வழி, ஏற்றியதும் 'லிஸ்ட்' கமாண்டை விரிவான வெளியீடு கேட்கும் 'வி'யோடு ஓட்டிப் பார்ப்பது. உங்கள் பழைய கீஸ்டோரில் இரண்டு பதிவுகள் தெரிந்திருக்கும். ஒன்று 'பிரைவேட்கீஎன்ட்ரி', சங்கிலி (ஒன்றுக்கு அடுத்தது கையெழுத்திட்டதாகப் போகும் சான்றிதழ் வரிசை) நீளம் 1. ஜோடி செய்தபோது கீடூல் தானே தனக்குக் கையெழுத்துப் போட்டு வைத்த தற்காலிகச் சான்றிதழ் அது, சர்வர் பிரவுசருக்குக் காட்டியதும் அதைத்தான். இன்னொன்று 'டிரஸ்டட்சர்ட்என்ட்ரி', நீங்கள் பாடுபட்டு வாங்கிய சான்றிதழ், யாருக்கும் பயன்படாமல் ஒதுங்கி நிற்கிறது. சரியாக ஏற்றியிருந்தால் 'பிரைவேட்கீஎன்ட்ரி'யிலேயே சங்கிலி நீளம் 2 அல்லது 3 என்று வந்திருக்கும்.

சரியான ஏலியஸைக் கொடுத்தும் 'பதிலிலிருந்து சங்கிலி அமைக்க முடியவில்லை' என்று அது முரண்டுபிடிக்கலாம். உங்கள் சான்றிதழை எல்லோரும் நம்பும் மூலச் சான்றிதழோடு இணைக்கும் இடைநிலைச் சான்றிதழ் இல்லை என்று அர்த்தம். சான்றிதழ் தந்தவர்கள் கூடவே அனுப்பியிருக்கும் இடைநிலையையும் மூலத்தையும் முதலில் தனித்தனி ஏலியஸில் ஏற்றுங்கள். கடைசியில் உங்களுடையதை, சாவியின் ஏலியஸில்.

ஆக, முதல் தடவை ஒரு ஏலியஸை மாற்றியிருந்தால் வேலை முடிந்திருக்கும். நீங்கள் அழித்தது சாவியை. மற்ற எதை வேண்டுமானாலும் அழிக்கலாம். சான்றிதழை மறுபடி வாங்கலாம், கோரிக்கையை அதே சாவியிலிருந்து மறுபடி உருவாக்கலாம். தனிச்சாவி போனால் போனதுதான், சான்றிதழ் தந்தவரிடமும் அது இருக்காது.

ஆனால் உங்கள் சாவி போகவில்லை. நண்பருக்கு மெயில் அனுப்பினீர்களே, அனுப்பியவை பெட்டியில் அந்தக் கீஸ்டோர் இணைப்பாக இன்னும் இருக்கும். அதை இறக்கி, சான்றிதழைப் பழைய ஏலியஸில் ஏற்றினால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. இதைப் படித்ததும் மெயிலைத் திறக்கக் கை பரபரக்கும். வேண்டாம்.

அந்த மூன்றாவது தவறு இதுதான். அந்தச் சாவி இப்போது உங்கள் மெயில் சர்வரிலும், நண்பருடைய மெயில் சர்வரிலும், அவரது இறக்கிய கோப்புகளுக்குள்ளும், ஒருவேளை அவர் செல்போனிலும் இருக்கிறது. பூட்டு இருக்கிறதே என்பீர்கள். பழைய குறிப்பைப் பார்த்துச் செய்தேன் என்கிறீர்கள், பாஸ்வேர்ட் 'சேஞ்ச்இட்' என்று பந்தயம் கட்டுவேன். ஜாவாவோடு வரும் நம்பகச் சான்றிதழ்த் தொகுப்புக்கு ஆரம்பத்தில் வைத்த பாஸ்வேர்ட் அது. 'இதை மாற்று' என்று தன் வாயாலேயே சொல்லும் பாஸ்வேர்டையும் மாற்றாமல் எல்லாக் குறிப்புகளிலும் நகலெடுத்து வைத்திருக்கிறோம். அது வேறாகவே இருந்தாலும், நண்பர் திறந்து பார்க்கட்டும் என்று அதே மெயிலில் எழுதித்தானே அனுப்பியிருப்பீர்கள்?

2018-ல் டிரஸ்டிகோ என்ற சான்றிதழ் மறுவிற்பனை நிறுவனம், வாடிக்கையாளர்களின் சுமார் 50,000 சான்றிதழ்களை ரத்து செய்யச் சொல்லி, சான்றிதழ் வழங்கும் நிறுவனமான டிஜிசர்ட்டைக் கேட்டது. சாவி கசிந்ததற்கு ஆதாரம் கேட்டதும், சுமார் 23,000 தனிச்சாவிகளையே மெயிலில் அனுப்பி வைத்தது. மெயிலில் வந்ததே கசிவுதானே, அந்த 23,000 சான்றிதழ்களையும் 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தாக வேண்டியதாயிற்று. விற்பவரிடம் வாடிக்கையாளரின் தனிச்சாவி எப்படி வந்தது? கமாண்ட் எதற்கு, நாங்களே கோரிக்கையை உருவாக்கித் தருகிறோம் என்று இணையப் பக்கத்திலேயே சாவியும் செய்து கொடுத்து, ஒரு பிரதியை வைத்துக்கொண்டிருந்தார்கள்.

மவுஸ் பற்றிய உங்கள் கேள்விக்கும் இதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. கீஸ்டோர் எக்ஸ்ப்ளோரர் என்று இலவச மென்பொருள் இருக்கிறது, உங்கள் கணினியிலேயே ஓடுவது. கீஸ்டோரைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்க்க மிக நல்லது, தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். இணையப் பக்கத்தில் சாவியை ஒட்டச் சொல்லும் எதையும் தொடாதீர்கள். கமாண்டை நான் விடாததற்குக் காரணம் வேறு. நேற்று என்ன செய்தேன் என்பது எழுத்தில் இருக்கும், இன்னொருவர் படித்து 'ஏலியஸ் தப்பு' என்று சொல்ல முடியும். ஒரு எச்சரிக்கை, பாஸ்வேர்டைக் கமாண்ட் வரியில் எழுதாதீர்கள், அடித்த கமாண்ட்களைச் சேமித்துவைக்கும் ஷெல்லின் வரலாற்றில் தங்கிவிடும். எழுதாமல் விட்டால் அதுவே கேட்கும்.

47 நாள் செய்தி உண்மைதான். பொதுச் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுள் 398 நாளாக இருந்தது. 2026 மார்ச் 15 முதல் 200, 2027 மார்ச் 15 முதல் 100, 2029 மார்ச் 15 முதல் 47 என்று முடிவு செய்திருக்கிறார்கள். கையால் செய்வதை ஒழிக்கத்தான் இந்த ஏற்பாடு என்பது என் எண்ணம். சான்றிதழைத் தானாக வாங்க உதவும் ஏக்மி என்ற நெறிமுறையில் சர்ட்பாட் போன்ற கருவிகள் சாவியையும் கோரிக்கையையும் சர்வரிலேயே உருவாக்கி, புதுப்பித்தும் கொள்ளும்.

அதை நம்பி நான் ஒருமுறை நிம்மதியாகத் தூங்கினேன். கருவி ஒழுங்காகப் புதுச் சான்றிதழை வாங்கிக் கோப்பில் வைத்திருந்தது. சர்வரோ முன்பு திறந்தபோது படித்த பழையதையே நினைவில் வைத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. கெடு முடிந்த காலையில் கோப்பைத் திறந்து தேதியைப் பார்க்கிறேன், எல்லாம் சரி. போன் மட்டும் நிற்கவில்லை. சர்வரை மறுதொடக்கம் செய்ய வேண்டும் என்று தோன்ற ஒரு மணி நேரம் ஆயிற்று. அன்றிலிருந்து கோப்பைப் பார்ப்பதில்லை. ஓபன்எஸ்எஸ்எல்லின் 'எஸ்_கிளையன்ட்' கொண்டு சர்வரோடு வெளியிலிருந்து பேசி, அது காட்டும் சான்றிதழின் முடிவுத் தேதியைத்தான் பார்க்கிறேன். நீங்களும் ஏற்றி முடித்ததும் அப்படியே பாருங்கள்.

இப்போதைக்கு உங்கள் வேலை இது. இரண்டாம் முறை உருவான கீஸ்டோர் சர்வரை விட்டு எங்கும் போகவில்லை என்றால் அதையே வைத்துக்கொள்ளலாம். அதன் பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டு, அதிலிருந்து புதுக் கோரிக்கை எடுத்து, சான்றிதழ் தந்தவரிடம் மறுவழங்கல் கேளுங்கள். பழைய சான்றிதழைச் சாவி கசிந்தது என்ற காரணம் சொல்லி ரத்து செய்யச் சொல்லுங்கள், சங்கடப்பட வேண்டாம், அவர்களுக்குப் பழக்கம். அப்புறம் அந்த மெயிலை அழித்துவிட்டு, குப்பைப் பெட்டியையும் காலி செய்யுங்கள். நண்பரிடமும் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்.