கதவில் காந்தம் ஒட்டவில்லை, இந்தப் பழைய மெர்சிடிஸை வாங்கலாமா?

கேள்வி: 1969ஆம் வருட மெர்சிடிஸ் பென்ஸ் 280 எஸ்எல் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. இரண்டு சீட், துணிக்கூரை. முழுசாக ரெஸ்டோர் செய்தது என்கிறார் விற்பவர். நேரில் பார்த்தேன், பெயிண்ட் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. கூட வந்த நண்பர் கதவில் காந்தத்தை வைத்தார், ஒட்டவே இல்லை. "உள்ளே எல்லாம் துருப்பிடித்த ஓட்டையை அடைக்கும் பட்டிதான், வேண்டாம்" என்கிறார். பல வருட ஆசை இது. என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் நண்பரைச் சமாதானப்படுத்துங்கள். இந்த மாடலில் கதவின் வெளித்தகடு, பானட், டிக்கி மூடி, மடித்த துணிக்கூரையை மூடும் மூடி எல்லாமே அலுமினியம். அங்கே காந்தம் ஒட்டினால்தான் சந்தேகப்பட வேண்டும். மற்ற உடம்பு இரும்பு, சோதனையை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்: ஹெட்லைட்டைச் சுற்றி, முன்சக்கரத்துக்குப் பின்னால் மட்கார்டின் அடிப்பாகம், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பகுதி. கீறல் விழாமல் இருக்க காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக்கொள்ளுங்கள். ஒரு இடத்தில் கப்பென்று பிடித்து, நாலு விரல் தள்ளி வழுக்கினால் அங்கே பட்டி இருக்கிறது.

கதவுக்குக் கீழே உள்ள அந்தப் பகுதிதான் எனக்கு ரொம்ப முக்கியம். மேலே இரும்புக் கூரை இல்லாத வண்டி என்பதால் பலம் மொத்தமும் அங்கேயும் தரையிலும்தான், துருவும் அங்கேதான் முதலில் குடியேறும், பெயிண்ட் எவ்வளவு மின்னினாலும் அது வெளியே தெரியாது. ஒரு பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கச் சொல்லி, அந்தப் பக்கக் கதவை நீங்களே திறந்து மூடிப் பாருங்கள். தரையில் நிற்கும்போது சுலபமாக மூடிய கதவு இப்போது உரசினாலோ பூட்டு பிடிக்காமல் துள்ளினாலோ, அடியில் துரு தின்றிருக்கிறது, அல்லது தாங்கு கொடுக்காமல் வெட்டி வெல்டிங் செய்திருக்கிறார்கள். நான் ஒருமுறை பார்த்த வண்டியில் அடிப்பக்கம் புதுசாகக் கருப்புப் பூச்சு, அவ்வளவு சுத்தம். உள்ளே கார்பெட்டைத் தூக்கிக் கட்டைவிரலால் அழுத்தினேன், தரை "டப்" என்று அமுங்கி எழும்பியது. பழைய துருத் தகட்டின் மேலேயே புதுத் தகடு ஒட்டியிருந்தார்கள். அன்றைக்கு மனசு விட்டுப்போய்விட்டது.

அப்புறம் பானட்டைத் திறந்து, மட்கார்டின் மேல்விளிம்பு உள்ளே சேரும் இடத்தைப் பாருங்கள். தொழிற்சாலை ஸ்பாட் வெல்டிங் என்றால் பட்டாணியை வைத்து அழுத்தின மாதிரி சின்னக் குழிகள் வரிசையாக இருக்கும். வழவழவென்று இருந்தால் மட்கார்டை மாற்றியிருக்கலாம். அது குற்றமில்லை, ஆனால் ஏன் மாற்றினார் என்று விற்பவர் சொல்லியாக வேண்டும். பெயிண்டைச் சுரண்டி வெறும் தகடாக நின்றபோது எடுத்த படங்கள், உதிரிபாக பில்கள், இரண்டையும் கேளுங்கள். இவ்வளவு வேலை செய்தவர் படம் எடுக்காமல் இருந்திருக்க மாட்டார்.

நீங்கள் போகும்வரை இன்ஜினைத் தொடவேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். இதில் இன்ஜினுக்குப் பெட்ரோலை அளந்து பீய்ச்சுவது பாஷ் மெக்கானிக்கல் இன்ஜெக்‌ஷன் பம்ப், சரிசெய்யத் தெரிந்தவர்கள் குறைவு, செலவும் அதிகம். அதன் கோளாறு ஆறிக்கிடக்கும் இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போதுதான் வெளியே தெரியும்.

கேள்வி: இன்ஜின் நம்பர் டேட்டா கார்டில், அதாவது தொழிற்சாலை வண்டியின் விவரங்களைப் பதிந்த அட்டையில், இருப்பதோடு ஒத்துப்போகவில்லை. விட்டுவிடலாமா?

பதில்: ஓட்டி மகிழத்தான் வாங்குகிறீர்கள் என்றால் விடவேண்டாம், விலையைக் குறையுங்கள். ஒரிஜினல் இன்ஜின் உள்ள வண்டியின் விலையை இதற்குக் கொடுக்காதீர்கள், நாளைக்கு நீங்கள் விற்கும்போது யாரும் உங்களுக்குக் கொடுக்க மாட்டார்கள். சேசிஸ் நம்பர் மட்டும் 113044 என்று தொடங்க வேண்டும், அதுதான் 280 எஸ்எல். 113042 என்றால் அது 230 எஸ்எல், பேச்சே வேறு.

கேள்வி: முன்பணம் கட்டினால்தான் ராம்பில் ஏற்றிக் காட்டுவாராம். இன்னொருவரும் கேட்கிறார் என்று அவசரப்படுத்துகிறார்.

பதில்: கட்டாதீர்கள். 280 எஸ்எல் மொத்தம் 23,885 தயாரானது, அடிப்பக்கத்தைக் காட்டத் தயங்காத ஒருவரிடமும் ஒன்று இருக்கும்.