பைத்தானுக்கு இணைப்பு மறுக்கப்படுவது ஏன்?

மைன்கிராஃப்ட் விளையாட்டுக்குள் இருக்கும் கணினியிலிருந்து உங்கள் பைத்தான் நிரலோடு இணைக்க முயன்றால் மறுக்கப்படுகிறது என்கிறீர்கள். பைத்தானைத் திரும்பத் திரும்ப நிறுவ வேண்டாம். கோளாறு அங்கே இல்லை. ‘டொமைன் நாட் பெர்மிட்டெட்’ (இந்த முகவரிக்கு அனுமதி இல்லை) என்று கையை விரிப்பது, விளையாட்டுக்குள் கணினிகளைச் சேர்க்கும் ‘சிசி ட்வீக்ட்’ என்ற மோட்தான் (கூடுதல் நிரல்). மைன்கிராஃப்ட்டுக்குள் இருக்கும் அந்தக் கணினி லுவா என்ற நிரல்மொழியை மட்டுமே ஓட்டும். வெளியே ஓடும் பைத்தானோடு பேச நீங்கள் வைத்த வெப்சாக்கெட் (இரு நிரல்கள் தொடர்ந்து பேசிக்கொள்ளும் இணைப்பு) சரியான வழிதான். ஆனால் 127.0.0.1 (ஒரு கணினி தன்னையே குறிக்கும் முகவரி) போன்ற உள் முகவரிகள் இயல்பிலேயே தடுக்கப்பட்டிருக்கும்.

அந்த மோடின் ‘கம்ப்யூட்டர்கிராஃப்ட்-சர்வர்’ அமைப்புக் கோப்பைத் திறந்து (பெரும்பாலும் உங்கள் மைன்கிராஃப்ட் உலகத்தின் கோப்புறையில் ‘சர்வர்கான்ஃபிக்’ உள்ளே இருக்கும்), உள் முகவரிகளைத் தடுக்கும் ‘$பிரைவேட்’ விதிக்கு மேலே 127.0.0.1-ஐ அனுமதிக்கும் விதியை எழுதுங்கள். கீழே எழுதினால் பயனில்லை. முதலில் பொருந்தும் விதியே செல்லும். உலகத்தை மூடித் திறந்து மறுபடி இணைத்துப் பாருங்கள்.

மைன்கிராஃப்ட் உலகம் கிருஷ்ணகிரியில் நண்பரின் கணினியில் ஓட, பைத்தான் தருமபுரியில் உங்களிடம் ஓடுகிறதா? அப்படியானால் 127.0.0.1 என்பது அவருடைய கணினி. இந்த மாற்றம் உதவாது. மேலும், அந்த விதி, உலகம் ஓடும் கணினியின் உள் முகவரிக்கு அங்கே விளையாடும் எல்லோருக்கும் கதவைத் திறந்துவிடும்.