கள்ளப் பட்டயம்

அன்புள்ள ஐயா,

வட இந்தியாவை ஆண்ட ஹர்ஷவர்த்தனரின் ஆட்சி பொற்காலம் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தவன் நான். பிரயாகையில் உடுத்திய துணிவரை தானம் செய்துவிட்டு, தங்கையிடம் பழந்துணி வாங்கி உடுத்தினாராம். இப்போது நம்ப முடியவில்லை. அவர் சரித்திரத்தை எழுதிய அவைக் கவி பாணரும் சீனத் துறவி யுவான் சுவாங்கும் அவரை அண்டி இருந்தவர்கள்தானே? புகழ்ச்சியைக் கழித்தால் என்ன மிஞ்சும்?

செ.

அன்புள்ள செ.,

செம்பு மிஞ்சும். உத்தரப் பிரதேசத்து மதுபனில் கிடைத்த செப்பேடு ஹர்ஷர் ஆட்சியின் 25ஆம் ஆண்டைச் சேர்ந்தது, அதாவது கி.பி. 631 வாக்கில். வாமரத்யன் என்ற பிராமணன் சோமகுண்டகா என்ற ஊரைக் 'கூடசாசனம்' காட்டி அனுபவித்து வந்திருக்கிறான். கூடம் என்றால் இங்கே பொய், கள்ளப் பட்டயம். அரசர் அதை உடைத்துப்போட்டு, ஊரைப் பறித்து, வேறு இரண்டு பிராமணர்களுக்குக் கொடுக்கிறார். போலிப் பட்டயத்தை வைத்துக்கொண்டு ஓர் ஊரையே ஆள முடிந்திருக்கிறது. அது அரசர்வரை போய்ப் பிடிபட்டும் இருக்கிறது. இதைப் பொற்காலம் என்பீர்களா, இல்லை என்பீர்களா? (நிலப் பத்திரத்துக்காக அலைந்த யாருக்கும் வாமரத்யன் தெரிந்த முகம்தான்.)

யுவான் சுவாங் ஹர்ஷரை ஏறக்குறையப் பௌத்தராகவே காட்டுகிறார். செப்பேட்டிலோ அவர் 'பரம மாகேசுவரர்', சிவபக்தர். அண்ணன் ராஜ்யவர்த்தனர்தான் புத்தரை வணங்குபவர். அப்பா சூரிய பக்தர்.

ஆனால் அந்தச் சீனத் துறவியை வெறும் துதிபாடி என்று தள்ளாதீர்கள். தக்காணத்துச் சாளுக்கிய அரசர் புலிகேசியை ஹர்ஷரால் அடக்க முடியவில்லை என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். அதே சேதியை கர்நாடகத்து ஐஹொளெக் கல்வெட்டில் புலிகேசியின் கவி ரவிகீர்த்தி சிலேடையாக்குகிறார்: பயத்தில் ஹர்ஷருக்கு ஹர்ஷமே போய்விட்டதாம். வடமொழியில் ஹர்ஷம் என்றால் மகிழ்ச்சி. ரவிகீர்த்தியும் புகழ்பாடிதான், எதிர் முகாமின் புகழ்பாடி.

பழந்துணிக் கதையை நான் நம்புகிறேன். யுவான் சுவாங்கின் சீடர் எழுதிய வரலாற்றில் அதற்கு அடுத்து வருவதையும் படியுங்கள். சிற்றரசர்கள் தங்கள் பணத்தைக் கொடுத்து அவர் தானம் செய்த நகைகளையும் அரச உடைகளையும் மீட்டு, அரசரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.